செருப்பு மாட்டும்போது வருகிற பேச்சு

உங்கள் அலுவலகங்களைப் போன வாரம் வந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழலும் நாற்காலி என்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. வருகிறவர் காலணியோடு வந்து உட்காருகிறார், வேலையைச் சொல்கிறார், அப்படியே எழுந்து போய்விடுகிறார். வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து எனக்கு அதே யோசனையாக இருக்கிறது. நான் என் தொழிலைக் கற்றுக்கொண்டதே செருப்பு கிடக்கிற இடத்தில்தான். அந்த இடமே இல்லாமல் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் செய்கிற தொழிலுக்கு இன்று 'பிசினஸ் சப்போர்ட்' என்று பெயர். நான் செய்தபோது அதற்குப் பெயர் கிடையாது. என் கணவர் காலமான பிறகு, நான் ஸ்டெனோவாக இருந்த ஏற்றுமதிக் கம்பெனியை விட்டுவிட்டு, திருப்பூரில் ஒரு சந்துக்குள் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு டைப்ரைட்டரோடு ஆரம்பித்தேன், பிறகு டெலிபோன் வந்தது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபேக்ஸ் மிஷினும் வந்தது. முதலில் என்னை 'டைப் அக்கா' என்றார்கள், பிறகு 'ஃபேக்ஸ் அக்கா' என்றார்கள். பேர் மாறியதே தவிர வேலை ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் ஆறு மிஷின் போட்டுப் பனியன் தைக்கிறவருக்குத் தைக்கத் தெரியும். ஆனால் அதை வெளிநாட்டுக்காரருக்கு விற்க வேண்டுமென்றால் பேங்க்காரர், ஆடிட்டர், வக்கீல், துறைமுகத்தில் சரக்கை ஏற்றிவிடுகிற கிளியரிங் ஏஜென்ட் என்று ஒரு படையே வேண்டும். பெரிய கம்பெனியில் இதற்கென்று ஒரு மாடி முழுக்க ஆள் இருப்பார்கள். இவர் பக்கம் இவரும் சம்சாரமும்தான். இப்படிப்பட்டவர்களுக்கு நான்தான் ஆபீஸ். ஆடிட்டர் கேட்பதை இவருக்குப் புரியவைப்பேன், இவர் சொல்வதை பேங்க்காரருக்குப் புரியவைப்பேன், வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையருக்கு இங்கிலீஷில் எழுதுவேன். எல்லாருக்கும் நடுவில் நிற்கிற வேலை. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கத்துத் திட்டும் கிடைக்கும் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

நம் பக்கத்து மரியாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இது புரிவதில்லை. ஒருவர் படியேறி வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். "சாப்டீங்களா" என்பார். மழையைப் பற்றிப் பேசுவார். பிறகு வந்த வேலையைச் சொல்வார், நான் அடித்துக் கொடுப்பேன். "அப்ப வாரேனுங்க" என்று எழுந்து போவார். போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே, "அப்புறம் ஒண்ணுங்க" என்பார். உண்மையில் அவர் வந்த காரியம் அதுதான்.

ஒருமுறை நிட்டிங் மிஷின் வைத்திருந்த ஒருவர் மதியம் முழுக்க உட்கார்ந்து பேங்க்குக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார். நானும் அவர் பெயரையும் பார்ட்னர் பெயரையும் போட்டு, இருவரும் எப்படித் தோளோடு தோள் நின்று தொழில் செய்கிறார்கள் என்று அழகாக அடித்துக் கொடுத்தேன். செருப்பு மாட்டும்போது சொல்கிறார்: "அப்புறம் ஒண்ணுங்க. பார்ட்னரு போன மாசமே பிரிஞ்சுட்டாருங்க. அதொண்ணும் பிரச்சன இல்லீங்களே?" எனக்கு வந்த கோபத்துக்கு டைப்ரைட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். கனமான மிஷின், அதனால் தப்பித்தார்.

இதை மறைப்பது என்று நினைக்காதீர்கள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கஷ்டத்தைச் சொன்னால் கேட்பவர் தலையில் சுமையை இறக்கிவைத்த மாதிரி ஆகிவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். போகிற போக்கில் சொன்னால், கேட்பவர் விரும்பினால் கேட்கலாம், இல்லையென்றால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். அந்த வசதியைக் கொடுப்பதுதான் மரியாதை. நானும் இந்தப் பக்கத்து மடத்துக்குளத்துக்காரிதான், எனக்கும் அதே கூச்சம் உண்டு.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வந்தவர் எழுந்தால் நானும் எழுவேன். வாசல்வரை போய் நிற்பேன். அவர் செருப்பு மாட்டிப் படியிறங்குகிறவரை எந்தக் காகிதமும் ஃபேக்ஸில் போகாது. சிலர் இதைப் பார்த்து, ரொம்ப மரியாதையான அம்மா என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வழக்கம் இல்லாவிட்டால் தனம் என்பவளின் சரக்கு ஒருமுறை அப்படியே கப்பல் ஏறியிருக்கும்.

தனபாக்கியம் திருப்பூர் மண்ணரைக்காரி. ஒரு கம்பெனியில் பல வருஷம் டெய்லராக இருந்துவிட்டு, கட்டிங் வேலை தெரிந்த தன் வீட்டுக்காரரோடு சேர்ந்து சொந்தமாக ஆறு மிஷின் போட்டவள். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அவள் தைத்த சட்டை ஒன்றை, ஊருக்கு வந்த ஒரு ஜெர்மனிக்காரர் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் தைத்தது என்று விசாரித்துக்கொண்டு அவள் செட்டுக்கே வந்துவிட்டார். கைக்குழந்தைகள் போடுகிற சட்டைக்கு நேரடியாக அவளுக்கே ஆர்டர் கொடுத்தார். அந்த வாரம் தனம் என் படியை ஏறி வந்த வேகத்தில் என் கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப்பார்த்தார்.

செட் என்கிற அந்தக் கொட்டகை அவளுடையது இல்லை. அவள் அண்ணன் சின்னச்சாமியுடையது. அவருக்கு அந்த இடத்தில் தறி போட வேண்டும் என்று ஆசை. தங்கச்சிக்காக ஒரு சீசன் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இந்த ஆர்டர் நல்லபடியாகப் போனால் செட்டில் அவளே இருக்கலாம், போகாவிட்டால் காலி செய்ய வேண்டும். தனத்துக்கும் அவளிடம் தைத்த பெண்களுக்கும் அந்தச் சட்டைகள்தான் எல்லாம்.

சரக்கு தயாரான நாள் காலையில் வந்தாள். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. சாயங்காலம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்புகிறது. எல்லாம் நன்றாகச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, இன்று அனுப்புகிறோம் என்று பையருக்கு ஃபேக்ஸ் கொடுக்க வேண்டும். அடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். மழை வந்தால் லாரியில் தார்ப்பாய் இருக்குமா என்று பேசினோம். "அப்ப வாரேனுங்கக்கா" என்று எழுந்தாள். நானும் எழுந்தேன்.

வாசலில் அவள் செருப்பின் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. அதைச் சரிசெய்துகொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்புறம் ஒண்ணுங்கக்கா."

"சொல்லுங்க தனம்."

"அந்தத் தோள்ல வெக்கற டிச் பட்டன் ஒண்ணு ரெண்டு கழண்டு வருதுங்க. அதொண்ணும் இல்லீங்களே?"

டிச் பட்டன் என்றால் அழுத்தினால் மூடிக்கொள்கிற சின்ன உலோகப் பட்டன். எங்கே கழன்றது, செக்கிங்கிலா என்று கேட்டேன்.

"இல்லீங்க, ஊட்டுலதானுங்க. கறை பட்ட பீஸ் ஒண்ண ஒதுக்கி வெச்சிருந்தேன். நேத்து எங்க நாத்துனா கொழந்தைக்கு அதப் போட்டு உட்டேனுங்க. இழுத்துப் புடுங்கி வாயில போட்டுக்கிச்சு. வெரல உட்டு எடுத்துப்போட்டேனுங்க. ஒண்ணும் ஆகலீங்க."

ஒண்ணும் ஆகலீங்க என்று சொல்கிறாள், ஆனால் இன்னொரு காலைச் செருப்பில் நுழைக்க முடியவில்லை.

"உள்ள வா கண்ணு" என்றேன். அவளை 'ங்க' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் என் முன்னால் என்னென்ன வழி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் மேஜைமேல் இருக்கிறது. அதை அப்படியே அனுப்பிவிட்டு, எனக்கென்ன தெரியும், நான் டைப் அடிக்கிறவள் என்று இருந்துவிடலாம். இல்லை, அவளைக் கேட்காமல் நானே பையருக்குச் சொல்லிவிடலாம். முதலாவது செய்தால் நான் மனுஷி இல்லை. இரண்டாவது செய்தால் இந்தத் தொழிலுக்கே நான் லாயக்கில்லை. சரக்கு அவளுடையது, பேரும் அவளுடையது.

"அனுப்பலீன்னா கப்பல் போயிருமுங்க" என்றாள். "அண்ணன் செட்டக் கேப்பாரு. ஆறு மிஷினத் தூக்கிட்டு நான் எங்கீங்க போவேன்?"

"அனுப்புனா?"

மேஜைமேல் இருந்த காகிதத்தைத் தள்ளிவைத்தாள். பிறகு, "அங்கயும் கொழந்தைங்கதானுங்களே போடும்" என்றாள்.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டோம் என்ற வரியை இனிமேல் என் கையால் அடிக்கமாட்டேன் என்றேன். உண்மையை எழுதினால் பையர் மொத்த ஆர்டரையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், சொல்லமாட்டார் என்று என்னால் உறுதி தர முடியாது என்றும் சொன்னேன். இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. தைரியம் கொடுக்கிறேன் என்று, தெரியாத ஒன்றை நடக்கும் என்று சொல்லாதீர்கள். அதை நம்பி முடிவெடுப்பவள் அவள்.

அந்த நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். சின்னச்சாமி வந்தார். லாரிக்காரர் பெட்டி ஏற்ற வந்திருக்கிறார், தனத்தின் வீட்டுக்காரர் "தனம் வரட்டும்" என்று வாசலில் குறுக்கே நிற்கிறாராம். என் அறைக்குள் இரண்டு காலிலும் செருப்போடு வந்த ஒரே ஆள் அவர்தான். கெட்டவர் இல்லை. நம் ஊரில் கோபம்கூட 'ங்க' போட்டுத்தான் வரும்.

"ஏனுங்க அம்மிணி, லாரி நிக்குதுங்க. காயிதம் ஆயிருச்சுங்களா?"

"நிறுத்தி வெச்சிருக்கேனுங்க" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு பட்டனுக்குங்களா? அங்க எவன் ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துட்டிருக்கப் போறான்? நீங்க டைப் அடிக்கறவங்க. சொன்னத அடிச்சுக் குடுங்க, போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். "அடிக்கறேனுங்க. தனம் சொல்றத அடிக்கறேன். என்ர பார்ட்டி அவங்கதானுங்க" என்றேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். தனம் எழுந்து நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருப்பது அவளுக்கு நினைவில்லை, சாய்ந்தே நின்றாள்.

"அண்ணா, அந்தக் கொழந்த வாயில வெரல உட்டு எடுத்தது நானுங்க. லாரியத் திருப்பி அனுப்பிச்சுருங்க."

"அப்பறம் செட்டுப் பேச்சு என்னாகறது?"

"எடுத்துக்குங்கண்ணா."

அவர் லாரிக்காரரைத் திருப்பி அனுப்ப இறங்கிப் போனார். தனம் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, கிளியரிங் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். கப்பலில் பிடித்து வைத்த இடம் வேண்டாம் என்றதும் மனிதர் பிடித்துக்கொண்டார். என் முன்னோர் வரைக்கும் போய்விட்டு வந்தார். எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டேன். பார்ட்டிக்காகத் திட்டு வாங்குவதும் நம் சேவைதான். என்ன, அதற்குத் தனியாக பில் போட முடியாது.

பிறகு பக்கத்துத் தெருவில் பட்டன் கடை வைத்திருந்த பாயிடம் தனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பையில் இருந்த ஒரு சட்டையையும் கையோடு எடுத்துப்போனோம். அவர் பட்டனை நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டு, "துணி சன்னமா இருக்குதும்மா. பட்டனோட பல்லுக்குப் பிடிமானம் இல்ல. அடியில ஒரு துணிப் பட்டி வெச்சு அடிச்சா அசையாது. நான் ஆள் அனுப்பறேன், கழட்டி மாத்தி அடிச்சிரலாம்" என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். பையருக்குத் தொந்தரவை மட்டும் எழுதக் கூடாது, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதும் சேர்ந்தே போக வேண்டும்.

திரும்பி வந்து, "இப்பச் சொல்லு, என்ன எழுதறது?" என்றேன். அவள் சொன்னாள், நான் அடித்தேன். நீங்கள் நலமா, உங்கள் குடும்பத்தார் நலமா, நீங்கள் எங்கள் செட்டுக்கு வந்தது எங்கள் பாக்கியம், இங்கே மழை பரவாயில்லை, சட்டைகள் எல்லாம் நன்றாகத் தைத்துப் பெட்டி கட்டியாகிவிட்டது. இப்படியே போய்க் கடைசியில் ஒரு வரி: பட்டன் விஷயமாக ஒரு சின்னச் சிரமம் இருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். அந்த நாளில் சிரிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. கடிதத்தில்கூடச் செருப்பு மாட்டும்போதுதான் சொல்கிறாள். ஆனால் அவள் சொல்வதை முழுக்க அடித்தேன், நடுவில் தடுக்கவில்லை. வாசல்வரை நடந்து போனால்தான் அவளுக்கு அந்தப் பேச்சு வரும். அடித்து முடித்ததும் காகிதத்தை உருவி வைத்துவிட்டு, புதுத்தாள் சொருகி, அவளுடைய கடைசி வரியை எடுத்து முதல் வரியாக வைத்தேன். பட்டன் கழன்று வருகிறது. எங்கள் வீட்டுக் குழந்தை ஒன்று வாயில் போட்டுக்கொண்டது. ஆகவே சரக்கை இன்று அனுப்பவில்லை. அதன் கீழே எப்படிச் சரிசெய்கிறோம் என்பது. அதன் கீழே எத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்பது. அவ்வளவுதான். மழையை எடுத்துவிட்டேன்.

தமிழில் வாசித்துக் காட்டினேன். தனம் பயந்துவிட்டாள்.

"இப்படிப் பட்டுனு சொன்னா கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"கோவிச்சுக்கட்டும். மொத வரியில வந்த கோவம் கடைசி வரிக்குள்ள கொஞ்சம் ஆறும். கடைசி வரியில வந்தா அது ஆறறதுக்கு எடம் ஏது?"

அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது.

நமக்கு மதியச் சாப்பாடு ஆகும்போதுதான் அங்கே ஆபீஸ் திறப்பார்கள். காத்திருந்தோம். என் தயிர்சாதத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன், பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஃபேக்ஸ் மிஷின் செத்துக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் திரும்ப வந்ததும் அந்த மிஷின் போட்ட கிரீச் சத்தம் இப்போதும் எனக்குக் காதில் கேட்கும். காகிதம் மெதுவாகச் சுருண்டு வெளியே வந்தது.

பையர் கோபமாகத்தான் எழுதியிருந்தார். கடைகளுக்குத் தேதி கொடுத்துவிட்டாராம். பாதிச் சரக்கை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வாராம். மீதிப் பாதியை, ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்து, கேட்ட அவகாசத்துக்குள் அனுப்பினால் எடுத்துக்கொள்வாராம். தனத்துக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி போனது என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் டைப் அடித்த வரிகளுக்கெல்லாம் கீழே, பேனாவால் கிறுக்கி ஒரு வரி இருந்தது. அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறதா?

அவருக்கும் செருப்பு மாட்டும் இடம் ஒன்று இருந்திருக்கிறது. தனம் அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள். "நல்லா இருக்குதுன்னு போடுங்கக்கா" என்றாள். உடனே போட்டேன்.

உண்மையைச் சொன்னோம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாதிச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சீசன் முடிந்ததும் சின்னச்சாமி செட்டை எடுத்துக்கொண்டார். தனமும் அவள் வீட்டுக்காரரும் மிஷின்களை மண்ணரையில் தாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கே கொண்டுபோனார்கள். ஆறுக்கும் இடமில்லை, நாலுதான் ஓடியது. தைத்த பெண்களில் சிலர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனிக்காரர் வருஷா வருஷம் ஆர்டர் கொடுத்தார், ஆனால் சின்னச் சின்னதாகத்தான். அந்தச் செட்டைத் தாண்டிப் போகும்போது உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்டால் எனக்கு மனசு கேட்காது. அன்று என் அறைக்கு ஒன்றும் ஆகவில்லை, போனது அவள் இடம்தான். யோசனை சொல்பவருக்கு நட்டம் கிடையாது. இதை ஒருநாளும் மறக்காதீர்கள். அதனால்தான் அடுத்த சில வருஷம், ஆடிட்டரிடமோ பேங்க்கிலோ அவளுக்கு எது ஆகவேண்டியிருந்தாலும் நானே கூடப் போய் நின்றேன். அவள் மெதுவாக எழுந்து, ஒரு வாடகைக் கட்டடத்துக்குப் போய், பழையபடி ஆறு மிஷின் ஓட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே பிள்ளைகளே, கண்ணாடிக் கதவை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வந்தவர் எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள். லிஃப்ட்வரை கூடப் போங்கள். லிஃப்ட் வருகிறவரை போனை எடுக்காமல் பேசாமல் நில்லுங்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் வருவதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்துங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதோடு முடித்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஒரு கண் போய்விடும் என்றார். கூட இருக்க ஓர் ஆள் வேண்டும், கையெழுத்துப் போடவும் ஆள் வேண்டும் என்றார். ஊரில் பாதிப் பேருக்குக் காகிதம் எழுதிக் கொடுத்தவள் நான். எனக்கு ஒரு கையெழுத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்க வாயும் வரவில்லை.

ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கிக்கொண்டு தனத்தின் கம்பெனிக்குப் போனேன். ஆபீஸ் அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். சாப்பிட்டாயா என்றேன். இந்த வருஷம் மழை எப்படி என்றேன். டெய்லர்களைப் பற்றிக் கேட்டேன். பட்டனை வாயில் போட்ட அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்து யூனிஃபார்மோடு வந்து ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அது போவதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். டீ குடித்தேன். "சரி கண்ணு, வாரேன்" என்று எழுந்தேன்.

வாசலில் சுவரைப் பார்த்து நின்று ஒரு செருப்பை மாட்டினேன். "அப்புறம் ஒண்ணு தனம். கண்ணுல சின்னதா ஒரு ஆபரேஷன்னு சொல்றாங்க. ஒண்ணும் இல்ல" என்றேன்.

இன்னொரு செருப்பைக் காலால் துழாவினேன், கிடைக்கவில்லை. திரும்பினேன். அது தனத்தின் கையில் இருந்தது.

"அப்படியே ஒத்தச் செருப்போட உள்ள வாங்கக்கா" என்றாள். "அன்னிக்கு நான் வந்தேனுங்கள்ல."

"தனம், அது ஒண்ணும்..."

"உக்காருங்க. கடைசி வரிய மொதல்ல சொல்லுங்க."

உட்கார்ந்தேன்.

"தனியாப் போறதுக்குப் பயமா இருக்குது கண்ணு" என்றேன்.